பாலத்தில் படகு இழுக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் எதிரே பெருநிலத்துச் செபராங் பிறையிலும் படகு வைத்திருக்கும் அண்ணன் தம்பிமார்களுக்கு,

வணக்கம். பிறையில் லோரித் தொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. இயந்திரம், எண்ணெய்த் தொட்டி, இரும்புச் சட்டம் என்று அகலமான சுமைகளை ஏற்றி இறக்கித்தான் பிழைக்கிறோம். படகும் ஏற்றுகிறோம். சனிக்கிழமை விடியும் முன்பே பத்து மாவுங்கிலும் தெலுக் கும்பாரிலும் படகு இறக்க வரும் உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய படகு என்பதும் தெரியும். அந்தப் படகு தண்ணீரை விட்டு ரோட்டில் ஏறும் நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் பார்க்கப் படகுகள் பெரிதாகிக்கொண்டே வருகின்றன. 18 அடி, 20 அடிப் படகில் போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது 26, 28 அடிக்கு மாறுகிறார்கள். பின்னால் இரட்டை இன்ஜின், மேலே கூரை, கூரையின் மேல் தூண்டில் கம்பு செருகக் குழாய்கள். சந்தோஷம்தான். பெரிய படகில் அலையைத் தாங்கும் பலம் இருக்கிறது, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். ஆனால் நீளம் கூடும்போது அகலமும் கூடுகிறது. நம் நாட்டுச் சாலையில் ஒரு வண்டி இருக்கக்கூடிய அகலம் 2.5 மீட்டர், அடிக்கணக்கில் 8 அடி 2 அங்குலம். அந்த அளவுப் படகுகளில் பல இதைத் தாண்டிவிடுகின்றன. அளக்கும்போது உடம்பை மட்டும் அளந்தால் போதாது. பக்கவாட்டில் ஓடும் ரப்பர் பட்டை, ட்ரெய்லரின் மட்கார்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவானாலும் கணக்கில் சேரும்.

தாண்டினால் என்ன செய்கிறோம்? பகலில் போனால் சாலைப் போக்குவரத்துத் துறையினர் (ஜே.பி.ஜே.) பிடிப்பார்கள் என்று இரவு இரண்டு, மூன்று மணிக்குப் பிக்கப்பின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் ஏறுகிறோம். ‘ரோடு காலியாகத்தானே இருக்கும்’ என்கிறோம். இதைத்தான் விட்டுவிடுங்கள் என்று கேட்கிறேன்.

அந்த நேரத்தில் ரோடு காலியாக இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் உண்டு. பிறையிலும் உண்டு. நம் பிள்ளைகள், நம் தங்கச்சிகளின் வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாலத்தில் போய் வருகிறார்கள்! முதல் பாலத்தை 2009-இல் ஆறு தடமாக அகலப்படுத்தினார்கள். ஆனாலும் மோட்டார் சைக்கிளுக்கென்று தனி வழி கிடையாது. இடது தடத்தில்தான் அவர்கள் ஓடுகிறார்கள். பெரிய சுமை இழுக்கும் நீங்களும் அதே இடது தடத்தில்தான் மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது. 2014-இல் திறந்த இரண்டாவது பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்குத் தனித் தடம் இருக்கிறது. அந்த வகையில் அது கொஞ்சம் நல்லது. ஆனால் இரண்டு பாலத்திலும் காற்று இருக்கிறது. கூரை வைத்த உயரமான படகின் பக்கவாட்டில் கடல் காற்று அடித்தால் ட்ரெய்லர் தடத்துக்குள் நிற்காமல் ஆடும்.

இப்போது படகின் பின்புறத்தை மனதில் வையுங்கள். அவுட்போர்டு இன்ஜினை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறீர்கள். இன்ஜின் கால் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் நுனியில் படகைத் தள்ளும் துருப்பிடிக்காத எஃகு விசிறி, மூன்று இதழோ நான்கு இதழோ. அது நிற்கும் உயரத்தை ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து பாருங்கள். ஓட்டுபவரின் நெஞ்சுக்கும் முகத்துக்கும் நேராக நிற்கும். இருட்டில் பின்னால் வருபவர் ட்ரெய்லரின் பின் விளக்கைப் பார்த்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறார். விளக்கு இருக்கும் இடத்துக்கும் விசிறி இருக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு கை நீளமோ அதற்கு மேலோ இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. முன்னால் கார் பிரேக் போட்டு நீங்களும் நின்றால் அந்தப் பையன் எங்கே போய் முட்டுவான்?

2.5 மீட்டருக்குள் அடங்கும் சின்னப் படகாக இருந்தாலும் இதற்கு வழி செய்துவிட்டுப் போங்கள். விசிறியைக் கழற்றிப் படகுக்குள் வைக்கலாம், பெரிய வேலையில்லை. முடியாவிட்டால் கெட்டியான உறை போட்டுப் பகலில் சிவப்புத் துணியும் இரவில் சிவப்பு விளக்கும் கட்டுங்கள். அந்த விளக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி முனையில் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து சந்தியில். நம் ஊரில் சிவப்பு விளக்கில் நின்றால் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இடது பக்கச் சந்தில் நுழைந்து முன்னால் வந்துவிடும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை, அப்படித்தான் ஓட்டுகிறார்கள். நீளமான ட்ரெய்லரை இடது பக்கம் திருப்பும்போது அதன் சக்கரம் உங்கள் பிக்கப் போன வழியில் வராது, ஓரத்தை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். ஓரத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள் ட்ரெய்லருக்கும் ரோட்டோரக் கரைக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். அதே நேரம் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் படகின் பின்பகுதி வலது பக்கம் வீசும். பக்கத்துத் தடத்தில் நிற்பவருக்கு அது புரிவதற்குள் இன்ஜின் வந்துவிடும். உங்கள் வண்டியின் பக்கக் கண்ணாடியில் படகின் உடம்பு மறைப்பதால் இரண்டு பக்கமும் உங்களுக்குத் தெரியாது. லோரிக்காரர்கள் நாங்கள் இதற்காகத்தான் உதவியாள் இல்லாமல் கிளம்புவதில்லை. நீளமான கண்ணாடிகள் மாட்டுங்கள், ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், சந்தியில் அவரை இறங்கி நிற்கச் சொல்லுங்கள்.

தைப்பூசத்துக்கு நம் தேர் வெளியே வருவதை நினைத்துப் பாருங்கள். 1894-இல் காரைக்குடியிலிருந்து வந்த வெள்ளித் தேரும் சரி, 2017 முதல் வரும் தங்கத் தேரும் சரி, ரோட்டை மூடி, போலீஸ் முன்னால் போய், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்கள் நடந்துதான் நகர்கின்றன. அகலமும் உயரமும் கொண்ட ஒன்றை மனிதர்கள் நடமாடும் தெருவில் கொண்டுபோனால் இப்படித்தான் போக வேண்டும் என்பது நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அதே நாம் 3 மீட்டர் அகலப் படகை ஒற்றை ஆளாக இருட்டில் இழுத்துக்கொண்டு போவது எந்த வகையில் நியாயம்?

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, மோட்டார் வண்டி இழுத்துச் செல்லும் வண்டியும் மோட்டார் வண்டிதான். ‘அதில் இன்ஜின் இல்லை, இரும்புச் சட்டம்தானே’ என்று சொல்லித் தப்ப முடியாது. வெல்டிங் கடையில் செய்து வாங்கி, பதிவு செய்யாமல், பிக்கப்பின் எண்ணையே அட்டையில் எழுதி மாட்டி ஓட்டும் ட்ரெய்லர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவு, ஆபத்தாக ஓட்டி உயிர் போகக் காரணமானவரைப் பற்றியது. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 5 முதல் 10 வருடம் வரை சிறை. அபராதம் 20,000 வெள்ளிக்குக் குறையாது. அனுமதி இல்லாத சுமைக்குக் காப்புறுதிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் பிள்ளையும் போய், இன்னொரு குடும்பத்தின் அப்பாவும் சிறைக்குப் போய், வீட்டையும் விற்க வேண்டிய நிலைமை ஒரு மீன்பிடிப் படகால் வர வேண்டுமா?

சரி, அகலம் தாண்டிய படகை எப்படித்தான் அக்கரைக்குக் கொண்டுபோவது?

ஒரு பக்கம் தீவு, எதிரே பெருநிலம். நடுவில் இருப்பது கடல். உங்கள் கையில் இருப்பது படகு. இன்ஜின் ஓடுகிற படகென்றால் கடலிலேயே ஓட்டிப் போங்கள்! ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே கடல் சுமார் 3 கிலோமீட்டர்தான். முதல் பாலத்தின் நடுப்பகுதி தண்ணீருக்கு மேல் 33 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உங்கள் கூரையும் கொடிக்கம்பும் தாராளமாக அடியில் போகும். தீவு மறைத்து நிற்பதால் இந்தக் கால்வாயில் மேற்குப் பக்கம் போல அலை இருக்காது. பெரிய கப்பல்களின் வழியில் நிற்காமல், ஃபெரிக்கு வழிவிட்டு, பகலில், கடல் ஏறும் நேரம் பார்த்துக் கிளம்பினால் அக்கரையில் சேறு மிதிக்காமல் படகுத்துறையில் ஏற்றிவிடலாம். உயிர்காப்பு மேலங்கியை எல்லோரும் போட்டிருக்க வேண்டும், வானொலி இருந்தால் அவசர உதவிக்கான 16-ஆம் அலைவரிசையில் வைத்திருங்கள். இன்ஜின் பழுதென்றால் நண்பரின் படகு கட்டி இழுக்கட்டும். காலி ட்ரெய்லரைப் பாலத்தில் கொண்டுபோவது யாருக்கும் தொந்தரவில்லை. இப்படிச் செய்தால் எங்களுக்குத்தான் ஒரு வாடகை குறையும், பரவாயில்லை. ஃபெரியில் ஏற்றலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். 2021 ஜனவரியிலிருந்து அதில் கார்களே ஏறுவதில்லை.

தரையில்தான் போக வேண்டும் என்ற நிலைமையும் வரும். கெடாவிலிருந்தோ பேராக்கிலிருந்தோ வாங்கி வருகிறீர்கள், அடிப்பகுதி உடைந்து மிதக்க முடியாத படகு, அல்லது உள்நாட்டுப் பட்டறைக்குப் போக வேண்டிய படகு. அப்போது தாழ்வான மேடை கொண்ட லோரி வேண்டும், சிறப்பு அனுமதி வேண்டும். அனுமதி ஜே.பி.ஜே.யில் தொடங்கும். பாதையைப் பொறுத்துப் பொதுப்பணித் துறை (ஜே.கே.ஆர்.), நெடுஞ்சாலை வாரியம், மாநகர் மன்றம், போலீஸ் என்று போகும். எந்த வழியில், எந்த நேரத்தில், முன்னும் பின்னும் எத்தனை துணை வண்டியோடு போக வேண்டும் என்று அதில் இருக்கும். பெருநாள் காலங்களில் கனரக வண்டிகளுக்குத் தடை வரும் என்பதால் தேதியைத் தள்ளியே போடுங்கள். காகித வேலைக்கு நாளாகும். படகு வாங்கிய அன்றே வீட்டு வாசலுக்கு வர வேண்டும் என்ற ஆசையால்தான் பாதிப் பேர் இரவில் இழுக்கிறார்கள்.

தீவுக்குள் இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலிக் பூலாவுக்கு ஜாலான் துன் சார்டோன் மலைப்பாதை வழியாகப் பெரிய படகைக் கொண்டுபோகாதீர்கள். அந்த வளைவுகளில் ட்ரெய்லர் எதிர்த் தடத்துக்குள் போகாமல் திரும்ப இடமில்லை. இறக்கத்தில் பின்னாலிருந்து இரண்டு டன் தள்ளும்போது பிக்கப்பின் பிரேக் சூடாகிக் கடைசியில் பிடிக்காமல் போகும். பத்து பெரிங்கி ரோடும் அப்படித்தான். ஜார்ஜ் டவுனுக்குள் மரக்கிளையும் வயரும் தாழ்வாக வரும் தெருக்கள் இருக்கின்றன. படகு ட்ரெய்லரில் ஏறிய பிறகு தரையிலிருந்து உச்சி வரை அளந்து, அந்த எண்ணை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றிப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். விற்பவர் சொல்லும் எடை பெரும்பாலும் வெறும் உடம்பின் எடை. 200 குதிரைத்திறன் அவுட்போர்டு ஒன்றே 200 கிலோவுக்கு மேல் வரும், இரண்டு மாட்டினால் 400-ஐத் தாண்டும். 300 லிட்டர் பெட்ரோல் 220 கிலோ. நங்கூரம், சங்கிலி, பேட்டரி, ஐஸ் பெட்டிகள், ட்ரெய்லரின் சொந்த எடை எல்லாம் அதன் மேல். நம் ஊர் மழையை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் வடியும் ஓட்டையின் தக்கையைக் கழற்றாமல் வெளியில் நிறுத்திய படகில் ஒரு இரவு மழைக்கு 200 லிட்டர் தேங்கினால் அது 200 கிலோ. போதாக்குறைக்கு அது நிற்காமல் முன்னும் பின்னும் ஓடும். அதனால் ரோட்டில் போகும்போது தக்கை வெளியே இருக்க வேண்டும், கடலில் இறக்கும் முன் மாட்ட வேண்டும். பழைய இரும்புக் கடைகளில் எடை மேடை இருக்கிறது. கேட்டால் சின்னக் கட்டணத்துக்கு எடை போட்டுக் கொடுப்பார்கள். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பிக்கப்பின் கொக்கியில் இறங்க வேண்டும். இன்ஜின் கனத்தால் பின்பக்கம் கனத்துக் கொக்கி லேசாகிவிட்டால், வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அப்போது பிரேக்கை அழுத்தினால் இன்னும் மோசமாகும். காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வேகத்தைத் தானாகக் குறையவிட வேண்டும். பாலத்தில் 80 என்று பலகை இருந்தாலும் அது உங்களுக்குக் கூடுதல் வேகம்தான்.

கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம். நனைந்தால் இளகும். முன்மூக்கை வின்ச் பட்டையில் மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பின்பக்கத்தில் இரண்டு மூலையிலும் ராட்செட் பட்டை வேண்டும், முன்மூக்குக்குத் தனியாக ஒரு சங்கிலியும் வேண்டும். கொக்கிச் சங்கிலிகளை அடியில் குறுக்காக மாட்டினால், கொக்கி கழன்றாலும் ட்ரெய்லரின் மூக்கு தார் ரோட்டில் குத்தாமல் சங்கிலியில் தாங்கும்.

கடைசியாகச் சக்கர பேரிங். ரோட்டோரம் சாய்ந்து நிற்கும் படகு ட்ரெய்லர்களில் நான் பார்த்தவரை முக்கால்வாசி இதனால்தான். ஒன்றைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். மூடியைத் திறந்ததும் கிரீஸ் வெளுத்துத் தண்ணீராய் வடிந்தது, உள்ளே உருளைகளில் செம்மண் நிறத்தில் துரு, அச்சு நீலம் பூத்துக் கருகியிருந்தது. காரணம் எளிது. ஒரு மணி நேரம் ஓடிய சக்கரத்தின் குடம் சூடாக இருக்கிறது. வந்த வேகத்தில் அப்படியே கடலுக்குள் இறக்குகிறோம். சூட்டில் விரிந்திருந்த உள்காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அன்று ஒன்றும் தெரியாது. அடுத்த மாதம் பாலத்தில் தெரியும். இறக்கும் முன் குடம் ஆறும்வரை காத்திருங்கள், விளக்கின் பிளக்கையும் அப்போதே கழற்றிவிடுங்கள். கிளம்பிச் சில கிலோமீட்டரில் நிறுத்தி இறங்கி, புறங்கையால் ஒவ்வொரு குடத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கேயே நில்லுங்கள். டயரின் பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிகம் ஓடாமல் வெயிலில் நிற்கும் டயர்தான் பூ தேயாமலே வெடிக்கும்.

இதைப் படிக்க நேரும் ஜே.பி.ஜே., மாநகர் மன்ற அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். படகு இறக்கும் துறைகளில் 2.5 மீட்டர் என்ற அளவையும், தாண்டினால் எந்த முகப்புக்குப் போவது என்பதையும் ஒரு பலகையில் எழுதி வையுங்கள், மலாயிலும் தமிழிலும் சீனத்திலும். சின்னப் படகுக்காரர் நான்கு அலுவலகத்துக்கு அலைய முடியாமல்தான் இருட்டைத் தேடுகிறார். ஒரே இடத்தில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டால் பெரும்பாலானோர் ஒழுங்காகவே வருவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மற்றபடி, நண்பர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் உங்கள் படகின் அகலம், ட்ரெய்லரில் ஏறிய உயரம், இன்ஜின் முனை வரை நீளம் மூன்றையும் அளந்து கைப்பேசியில் எழுதி வையுங்கள். தரையில் அனுப்ப வேண்டி வந்தால் எந்த லோரிக்காரரிடமும் முதலில் இந்த மூன்றையும் சொல்லுங்கள். அளவு கேட்காமலே விலை சொல்பவரிடமும், ‘பெர்மிட்டெல்லாம் வேண்டாம், ராத்திரியில் முடித்துவிடலாம்’ என்பவரிடமும் படகைக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
பிறையிலிருந்து ஒரு லோரிக்காரன்